ஒன்பது லட்சம் இலக்கங்கள்

அமெரிக்காவின் சுகர் லேண்டில் சனிக்கிழமை மதியம். ஜெயபிரகாஷின் கிரிக்கெட் மட்டை மானிட்டர் மீது இறங்குகிறது. கண்ணாடி வெடித்து, ஒரு சில்லு அவன் மனைவி தென்றலின் மணிக்கட்டைக் கிழிக்கிறது. ஊரில் கல்லூரியில் கணிதம் நடத்தியவள் அவள். இங்கே கணவனின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. மூன்று வாரமாக இந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஓர் எண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது லட்சம் இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண்ணா, அல்லது சிறிய எண்களின் பெருக்கலாக உடைந்துவிடுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. "ஆஃப் பண்ணுன்னு எத்தன தடவ சொல்றது? எந்நேரமும் இந்த நம்பர்தான். நான் ஒருத்தன் இருக்கறது தெரியுதா உனக்கு?" மட்டை மறுபடி இறங்குகிறது. கீபோர்டின் பொத்தான்கள் பற்களைப் போலத் தெறிக்கின்றன. ஜன்னல் வெயில் கண்ணாடித் தூளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. அவன் அவள் கூந்தலைப் பிடித்து, கன்னத்தை மேசையோடு அழுத்துகிறான். "முடிஞ்சுதா உன் கணக்கு?"

"முடிஞ்சுதுங்க."

அவன் மட்டையை எறிந்துவிட்டுப் போகிறான். காரேஜ் கதவு உருள்கிறது. கார் சீறிக்கொண்டு கிளம்புகிறது. தென்றல் மேசைக்கடியில் குனிகிறாள். அவன் உடைத்தது திரையையும் கீபோர்டையும் மட்டும்தான். கீழே சாம்பல் நிறப் பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தம் வழியும் கையோடு எழுந்து, காரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைத் தாழிடுகிறாள். பிறகு முன்கதவுக்குச் சங்கிலி போடுகிறாள்.