துடைத்து வைத்த கம்பி

"வண்டிக்குத் தாகம் எடுத்தா யாருகிட்டப்பா சொல்லும்?" என்று சிறுவயதில் ஒருமுறை பியூலா அப்பாவிடம் கேட்டாள்.

"பக்கத்து வண்டிக்காரன்கிட்ட, மக்ளே" என்று சிரித்தபடி, மலைப்பாதையில் ஆயில் வற்றி நின்ற ஞானமுத்துவின் வேனில் தன் டப்பாவைக் கவிழ்த்தார் தாசையன்.

தாசையன் இறந்து நாற்பது நாளாகிறது. அவருடைய பழைய ஜீப்பை இப்போது பியூலா மலைக்கு ஓட்டுகிறாள். அவளுக்கு ஆயில் பார்க்கத் தெரியாது. வற்றினால் ஏற்றத்தில் இன்ஜின் இறுகிவிடும்.

அவள் காலை ஜெபத்துக்குப் போயிருந்தபோது ஞானமுத்து ஜீப்பின் பானெட்டைத் திறந்தார். ஆயில் பார்க்கும் கம்பி ஏற்கெனவே துடைக்கப்பட்டு, தாசையன் வைப்பதுபோலவே ஏர்ஃபில்டர்மேல் இருந்தது. உள்ளே விட்டுப் பார்த்தார், நுனி மட்டுமே நனைந்தது.

"பாத்துட்டீரா அண்ணாச்சி?" என்றார், ஆளில்லாத ஜீப்பைப் பார்த்து. "ஊத்த முடியலல்லா? நான் ஊத்துதேன்."

கொண்டுவந்த டப்பாவை நிதானமாகக் கவிழ்த்தார். கம்பியை மறுபடி ஏர்ஃபில்டர்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் கம்பி உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது.