சொந்த வளவுக்குள் அத்துமீறல்

“அன்ரி, படலைக்கு வெளியில நில்லுங்கோ. உள்ளுக்க கால் வைச்சால் அத்துமீறல் எண்டு பொலிசில என்ட்ரி போடுவன்.”

லிங்கநகரில், தன் பெயரில் காணி உறுதி இருக்கிற வளவின் வாசலில் நின்று றஜிதா இதைக் கேட்டாள். சொன்னவன் ஜக்சன், பக்கத்து வீட்டுச் சீலாவின் மகன்.

றஜிதாவுக்குப் பின்னால் லொறி. அதில் கட்டில், அலுமாரி, செத்துப்போன புருஷனின் கதிரை. நீர்கொழும்பு வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு வந்தவளுக்கு இதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

“டேய், வளவைப் பாக்கச் சொல்லி உன்ர கொம்மாட்டத்தானேடா விட்டிட்டுப் போனனான்!”

“ஆர் கண்டது? அம்மாவும் போய்ச் சேந்திட்டா. பத்து வருசத்துக்கு மேல நாங்கள்தான் ஆளுறம். போய்ச் சட்டத்தைக் கேளுங்கோ.”

கேட்கப் போனாள். சட்டத்தரணி ஸுஹைர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உறுதி மட்டும் காணாது. பத்து வருசம் ஒருத்தர் தன்ர காணி மாதிரி ஆண்டால் சட்டம் அந்தப் பக்கம் சாயும். நீங்கள் பாக்கக் குடுத்தது எண்டு காட்ட வேணும். எழுத்து ஏதும்?”

“அயலுக்குள்ள ஆர் சேர் எழுதுறது? வீட்டுத் திறப்பைக் கையில குடுத்தன். கோயில்ல முன் வாங்கில இருந்து செபம் சொன்ன மனுஷி, இப்பிடிக் கழுத்தறுப்பா எண்டு நினைச்சனானே?”

“வாடகை தந்தவவோ?”

“வாடகையோ! எச்சில் கையால காகம் கலைக்காதவ. வளவு முட்டத் தென்னை. நத்தாருக்கு பஸ்ஸில இரண்டே இரண்டு தேங்காய் அனுப்பினா. ‘உங்கட வளவுத் தேங்காய், வருசா வருசம் வரும்’ எண்டு கொண்டக்டரிட்டச் சொல்லி!”

ஸுஹைர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யா அல்லாஹ், இதையல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்! விளைச்சலில பங்கு அனுப்புறவ காணி தன்ர எண்டு கேக்க ஏலாது. மகன்ர குணம் தெரிஞ்சுதான் அந்த மனுஷி உங்கட காணியைக் காப்பாத்தப் பாத்திருக்கிறா. அந்தக் கொண்டக்டர் வந்து, வருசா வருசம் கொண்டுபோய்க் குடுத்தனான் எண்டு சொன்னால் போதும். வழக்கு முடிஞ்சுது!”

றஜிதா மேசையில் கிடந்த உறுதியை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

“நாங்கள் நீர்கொழும்புக்குப் போன முதல் நத்தாரே, சேர்... ‘நாங்கள் என்ன பிச்சைக்காரரோ, இனி ஒண்டும் அனுப்ப வேண்டாம்’ எண்டு, அந்தக் கொண்டக்டரின்ர கையிலேயே திருப்பிக் குடுத்துவிட்டனான்.”