ஞாயிறுதோறும்

கல்லூரி மின்னஞ்சல் சர்வர் என் பொறுப்பு. ஸ்பேம் வடிகட்டியின் விதிகளைத் தினமும் புதுப்பித்தால் சர்வர் திணறுகிறது என்று பேராசிரியர்கள் திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும் என்று மாற்றிவைத்தேன். ஒரு ஞாயிறு இறங்கிய விதியில், நல்ல மெயிலையும் தடுத்துவிடும் பிழை இருந்தது. திருத்தம் திங்களே வந்துவிட்டது. எங்கள் சர்வர் அடுத்த ஞாயிறுதான் அதை வாங்கிக்கொண்டது.

மறுநாள் இறுதியாண்டு மாணவி எஸ்தர் வந்தாள். "வேலைக்கு ஆர்டர் மெயில்ல வரும்னாங்க, சார். வரவே இல்ல."

என் திரையில் மட்டுமே தெரியும் தடுப்புப் பட்டியலில் அது கிடந்தது. போன வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

"அவங்க அனுப்பவே இல்லம்மா."

"அப்ப நான்தான் இன்டர்வியூல சரியா பேசல போல," என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

விதிகளைப் புதுப்பிப்பதை மணிக்கொரு முறை என்று மாற்றினேன். ஒவ்வொரு மணிக்கும் திரையில் வருகிறது: புதிய திருத்தம் ஏதுமில்லை.