துறையைக் காத்த ஏழு பேர்

வேட்பாளர் ஜவாஹிர் ஹாஜியார் வாக்காளர் இடாப்பை மேசையில் விரித்தார்.

"எங்கட ஆக்கள் நூற்றிரண்டு. அவங்கட ஆக்கள் நூற்றுப் பதினைஞ்சு. பதினைஞ்சு பேரை மறிச்சாக் காணும், கிராமச்சபை எங்கட கையில."

வாக்களிப்பு நிலையம் அக்கரையில். விடிந்ததும் ஹாஜியாரின் ஆட்கள் நாங்கள் ஏழு பேரும் குறிஞ்சாக்கேணித் தோணித்துறையில் துடுப்புகளோடு நின்றோம். எங்கள் ஆட்களைத் தோணியில் ஏற்றி அனுப்பினோம்.

எதிர்த்தரப்பில் முதலில் வந்தவர் முத்தலிப் காக்கா.

"வோட்டுப் போட்டிட்டு வாறன் தம்பி, வழி விடு."

அவர் மண்டையை நான்தான் உடைத்தேன். அடுத்தவனுக்கு முன்பற்கள் போயின. வாக்களிப்பு முடியும்வரை நாங்கள் துறையை விட்டு அசையவில்லை, சோறும் அங்கேதான். கணக்காகப் பதினைந்து பேரை அடித்துத் திருப்பினோம்.

முடிவு வந்தது. அவர்களுக்கு நூறு. எங்களுக்குத் தொண்ணூற்றைந்து.

"எங்கட ஆக்களில ஏழு பேர் துரோகம் செய்திட்டாங்கள், ஹாஜியார்," என்றேன். "ஆரெண்டு சொல்லுங்கோ, கையை முறிக்கிறன்."

ஹாஜியார் ஒரு துடுப்பை எடுத்தார்.

"வோட்டுப் போட்டவனுக்கு விரலில மை இருக்கும். ஏழு பேரும் கையை நீட்டுங்கடா."

நீட்டினோம். ஒரு விரலிலும் மை இல்லை. இரத்தம்தான் காய்ந்து கிடந்தது.