சிப்பிச் சோடி

தை மாதக் குளிரில், கண்காட்சி பார்க்கப் போன இடத்தில், பிள்ளைகளின் சொக்ஸைக் கழட்டச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது.

ஜப்பான் சிற்றரசர்களின் பரம்பரைச் சாமான்களைக் காட்டவென்று, எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை பிராங்பேர்ட்டில் ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார் இமெல்டா ரீச்சர். பெற்றோரில் நானும் ஸ்ரீதரன் அண்ணையும் துணைக்கு.

மான்கொம்பு வைத்த தலைக்கவசம், தங்கப் பூ வரைந்த பெட்டி, வாள்... என் ஏழு வயது மகள் ஆதிரை ஒன்றிலும் நிற்கவில்லை. அவளுக்குச் சிப்பிதான் வேண்டும்.

சிற்றரசர் மகள் கலியாணமாகிப் போகும்போது கொண்டுபோன சிப்பிகளாம். உள்ளுக்குள் படம் கீறியிருக்கும். ஒரு பாதிக்கு அதன் சொந்தப் பாதி மட்டும்தான் பொருந்தும். கடைசி அறையில் அதேமாதிரிச் சிப்பிகளை வைத்துப் பிள்ளைகளும் விளையாடலாம் என்று ரீச்சர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே கதைதான்.

“எத்தினை வருசமாச் சோடி மாறாமல் வைச்சிருக்கினம்! எங்கடை வீட்டிலை ஒரு சாமானும் ஒரு கிழமைக்குச் சோடியா இராது,” என்றேன். ஸ்ரீதரன் அண்ணை சிரித்தார்.

கடைசி அறையில் ஜப்பான் பாய் விரித்திருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழட்ட வேண்டும்.

ஒரு சப்பாத்தைப் பாதி கழட்டிய ஆதிரை, சடாரென்று காலைத் திரும்ப உள்ளே நுழைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

“நான் வரேல்லை.”

“என்னடி? ஒரு கிழமையாச் சிப்பி சிப்பியெண்டு என்ரை உயிரை எடுத்தாய்!”

“விருப்பமில்லை.” கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரீச்சர் கையைத் தட்டினார். “பிள்ளையள்! எல்லாரும் சொக்ஸையும் கழட்டிச் சப்பாத்துக்குள்ளை வையுங்கோ. மரியாதையான இடத்துக்கு நாங்கள் வெறுங்காலோடைதான் போறது. கோயிலுக்குப் போறமாதிரி!”

வாசலில் நின்ற ஜெர்மன்காரி, சொக்ஸோடு வரலாம் என்று எடுத்துச் சொன்னாள்.

“இது எங்கடை பழக்கம்,” என்று ரீச்சர் தன் சொக்ஸை முதல் ஆளாக உருவினார்.

“ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போற மனிசிக்கு எப்ப தொடக்கம் கோயில் பழக்கம்?” என்று முணுமுணுத்தேன்.

“பொறுங்கோ தங்கச்சி, இனித் திருநீறும் பூசச் சொல்லுவா,” என்றார் ஸ்ரீதரன் அண்ணை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பிள்ளையளுக்குத் தடிமன் வந்தால் ஆர் பாக்கிறது, ரீச்சர்?”

ரீச்சர் காது கேளாதவர்போல் உள்ளே போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தால் சுவரோடு நின்றவளைக் காணோம். பாய்க்கு நடுவில் வெறுங்காலோடு சப்பணமிட்டு இருந்தாள்.

“அம்மா, பாருங்கோ, அஞ்சு சோடி!”

முகம் பூவாய் மலர்ந்திருந்தது. ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை.

விளையாட்டு முடிகிற நேரம் முதல் ஆளாய் வெளியே வந்து, அவளுடைய சப்பாத்தைத் தேடி எடுத்தேன். ரீச்சரும் பக்கத்தில் வந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். அவருக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்:

“இரவைக்கு இவள் இருமட்டும், நேரை ரீச்சர் வீட்டிலை கொண்டுபோய் விடுறன்!”

சொல்லிக்கொண்டே சொக்ஸை உருவி விரித்தேன். என் இரண்டு விரல்கள் அதன் நுனியால் வெளியே வந்தன.

காலையில் ரயிலைப் பிடிக்கிற அவதியில் அவள், “அம்மா, இதிலை ஓட்டை” என்றதும், “சப்பாத்துக்குள்ளை ஆர் எட்டிப் பாக்கப்போகினம்? போடு!” என்று நான் கத்தியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெல்லத் தலையை நிமிர்த்தினேன்.

ரீச்சர் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் கண்டது பிள்ளைக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.”