சிவப்புப் பாக்கெட்

போன வருடக் காய்ச்சலில் தயாளனின் நாக்கு செத்துப்போனது. ருசி திரும்பவே இல்லை. ஆனாலும் வாரம் ஒரு சீன நூடுல்ஸைத் தின்று காரத்துக்கு மார்க் போடும் அவனுடைய வீடியோக்கள் நிற்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று மனைவி கோமளா முதலில் ருசித்து, விரல்களைக் காட்டுவாள். அந்த எண்ணை அவன் சொல்வான்.

இன்று சிவப்புப் பாக்கெட். ஆவி பட்டே அவன் கண்கள் எரிந்தன. அதே மாதிரிக் காய்ச்சலில் கிடந்து நேற்றுதான் எழுந்த கோமளா ஒரு வாய் தின்றாள். விரல் எழவில்லை. இன்னொரு வாய். அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

“என்னங்க, மசாலா போட மறந்துட்டீங்களா?”

கிழித்த மசாலா கவர்கள் மூன்றும் கிண்ணத்தருகே கிடந்தன. அவற்றை உள்ளங்கைக்குள் கசக்கி மறைத்தான்.

“ஆமா, மறந்துட்டேன்.”