சுவருக்கு அடியில் போன வேர்

வீட்டின் மேல் சாய்ந்துவிடுமோ என்று பயந்துதான் நாச்சிமுத்து வாகை மரத்தை வெட்டினான். அடிக்கட்டையைப் பிடுங்க, பின்னால் மண் தோண்டும் கை பூட்டிய மினி டிராக்டரோடு செங்கோடன் வந்தார். சுற்றிலும் தோண்டி வேர்களை அறுத்தார். ஒன்று மட்டும் சுவருக்கு அடியில் போனது. தோண்டும் கையின் நுனியிலிருந்த பக்கெட்டை அதில் மாட்டி இழுத்தார்.

"ஏனுங்க, பாப்பா தூளி தானா ஆடுது!" என்று உள்ளேயிருந்து நாச்சிமுத்துவின் மனைவி கத்தினாள்.

செங்கோடன் லீவரை விட்டார். "செவுத்தோரமா வெட்டி உட்டர்லாங்களா?"

"வேண்டாங்ண்ணா. வேரு இருந்தா மறுக்கா துளுத்துக்கும். இழுங்க."

டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. செங்கோடன் பதறி இன்ஜினை அணைத்தார். வேர் தொய்ந்து மண்ணில் கிடந்தது.

நாச்சிமுத்து ஜன்னலுக்கு ஓடினான். "பாப்பாவைத் தூக்கிட்டியா?"

"எங்கிட்டத்தானுங்க இருக்கா." அவள் குரல் இறங்கியிருந்தது. "வெறுந்தூளிதான், இன்னும் ஆடுதுங்க."